ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு வரும் அறிக்கைகளைப் படிப்பது எப்படி

ஆப்பிரிக்க நாடு ஒன்றில் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றினால் அன்று மாலைக்குள் கண்டன அறிக்கைகள் வந்து குவிந்துவிடும். செய்தி எழுதுபவர் எல்லாவற்றையும் படிக்கத் தேவையில்லை. எதையாவது நிறுத்தவோ முடக்கவோ அதிகாரம் உள்ளவர்கள் சொன்னதை மட்டும் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், அந்த நாடு எந்த வட்டார அமைப்பில் இருக்கிறது என்று பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்கா என்றால் பெரும்பாலும் எக்கோவாஸ் என்ற பொருளாதாரக் கூட்டமைப்பு. அதன் பிடி இறுகுவதற்குக் காரணம் பணம். அங்கே எட்டு நாடுகளுக்கு சிஎஃப்ஏ ஃபிராங்க் பொது நாணயம். செனகல் தலைநகர் டாக்காரில் ஒரே மத்திய வங்கி. அரசின் கணக்கை முடக்கினால் சம்பளமும் கடன் தவணையும் சிக்கிக்கொள்ளும். 2023 ஜூலை 26 கவிழ்ப்புக்குப் பின் நைஜர் கடன் தவணைகளைக் கட்ட முடியாமல் போனது இப்படித்தான்.

அடுத்தது அடிஸ் அபாபாவில் உள்ள ஆப்பிரிக்க ஒன்றியத்தின் அமைதி, பாதுகாப்பு கவுன்சில். உறுப்பு நாடுகள் 15. ஆட்சிக் கவிழ்ப்பை ஏற்காத 2000 லோமே பிரகடனமும் 2007 ஜனநாயக சாசனமும் அதன் நடவடிக்கைக்கு அடிப்படை. ‘இடைநீக்கம்’ என்றால் ஒன்றியத்தின் கூட்டங்களில் இடமில்லை என்று பொருள். ஒன்றியத்திலிருந்து நீக்கிவிட்டதாக எழுதுவது தவறு. எத்தனை நாளில் முடிவு வந்தது என்பதையும் எண்ணுங்கள். 2023இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த காபோனுக்கு மறுநாளே வந்தது. நைஜருக்கு 2023 ஆகஸ்ட் 22 வரை ஆனது. நைஜருக்குள் படை அனுப்புவோம் என்ற எக்கோவாஸ் எச்சரிக்கையை ஆதரிப்பதா என்பதில் உறுப்பு நாடுகளுக்குள் ஒற்றுமை இல்லை. 2021இல் சாடுக்கு இடைநீக்கமே வரவில்லை. தாமதமும் மௌனமும்கூடப் பதில்தான், விடாமல் குறித்து வையுங்கள்.

ஐ.நா. பாதுகாப்பு அவையிலிருந்து மூன்று வகைத் தாள்கள் வரும். பத்திரிகை அறிக்கை மிக லேசானது. 15 நாடுகளும் ஒத்துக்கொண்ட சொற்களே அதில் இருக்கும். அவைத் தலைவர் அறிக்கை அதற்கு ஒரு படி மேல். யாரையும் கட்டுப்படுத்தக்கூடியது தீர்மானம் மட்டுமே. அதற்கு 9 வாக்குகள் வேண்டும், வீட்டோ விழக் கூடாது. கினி-பிசாவு கவிழ்ப்பின்போது 2012இல் வந்த 2048ஆம் தீர்மானம் தளபதிகளுக்குப் பயணத் தடை போட்டது. இவை மூன்றையும் ‘ஐ.நா. கண்டனம்’ என்று ஒன்றாக்கிவிட்டால் வாசகருக்கு எதுவும் புரியாது.

வாஷிங்டன் என்ன சொல் பயன்படுத்துகிறது என்பது தனிக் கவனத்துக்குரியது. தேர்ந்தெடுத்த அரசை ராணுவம் கவிழ்த்ததாக வெளியுறவுத் துறை முறைப்படி அறிவித்தால், சட்டப்படி அந்த அரசுக்கான உதவி பெரும்பாலும் நின்றுவிடும். அதனால் அந்தச் சொல்லை முடிந்தவரை தள்ளிப்போடுவார்கள். நைஜருக்கு 2023 அக்டோபர் 10 வரை இழுத்தது. 2013 எகிப்துக்கு அறிவிக்கவே இல்லை. நாமும் சொல்லில் கவனமாக இருக்க வேண்டும்: ‘ராணுவப் புரட்சி’ என்று எழுதினால் மக்கள் எழுந்தது போல ஆகிவிடும். ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ என்பதே சரி.

பலரும் சறுக்கும் இடம் கெடு. 2023 ஜூலை 30 அன்று நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய எக்கோவாஸ், ஆட்சியைத் திருப்பித் தராவிட்டால் படை வரலாம் என்று நைஜருக்கு ஒரு வாரம் கொடுத்தது. கெடு முடிந்தது, படை நகரவில்லை. நைஜீரியாவின் செனட் போருக்கு இசையவில்லை; நைஜரைத் தாக்கினால் தங்கள் மீதான போராகவே கொள்வோம் என்று மாலியும் புர்கினா ஃபாசோவும் அறிவித்தன. மாறாக, தேர்தலில் தோற்றும் பதவியை விடாத காம்பியா அதிபர் ஜாமே 2017 ஜனவரியில் வெளியேறியதற்குக் காரணம், செனகல் படை எல்லையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கெடுவைத் தலைப்பாக்கும் முன், படை எங்கே நிற்கிறது, எந்த நாடு அனுப்புகிறது, அதன் நாடாளுமன்றம் என்ன சொன்னது என்று பாருங்கள்.

எக்கோவாஸ் போன்ற அமைப்பின் தடை உத்தரவில் விலக்குப் பகுதியைத் தேடிப் படியுங்கள். சாதாரண மக்களின் பாடு அங்கேதான் தீர்மானமாகிறது. 2022 ஜனவரியில் மாலிக்கு விதித்த தடையில் மருந்து, அத்தியாவசியப் பொருட்கள், எரிபொருள், மின்சாரத்துக்கு விலக்கு இருந்தது. நைஜருக்கான உத்தரவோ எரிசக்தியையும் சேர்த்தே முடக்கியது. நைஜீரியாவிலிருந்து வந்த மின்சாரம், அந்நாட்டுத் தேவையில் சுமார் 70 சதவீதம், நின்றது. உணவு ஏற்றிய லாரிகள் பெனின் எல்லையில் தேங்கின. தளபதிகள் வீட்டில் விளக்கு அணைவதற்கு முன்பே நோயாளிகளும் குழந்தைகளும் அவதிப்பட்டார்கள். 2024 பிப்ரவரி 24 அன்று தடைகள் பெருமளவு நீங்கியபோதும் கவிழ்க்கப்பட்ட நைஜர் அதிபர் பசூம் காவலில்தான் இருந்தார்.

கோப்பை அதோடு மூடிவிடாதீர்கள். கவிழ்த்தவர்கள் ஆட்சியைத் திருப்பித் தரும் தேர்தலில் போட்டியிடக் கூடாது என்கிறது 2007 சாசனத்தின் 25ஆம் பிரிவு. ஆனால் காபோனில் ஆட்சியைக் கவிழ்த்த தளபதி ஒலிகி இங்கேமா 2025 ஏப்ரல் 12 அன்று போட்டியிட்டு வென்றார். அந்த மாதம் முடிவதற்குள் ஒன்றியம் இடைநீக்கத்தை விலக்கிக்கொண்டது. இந்த இரண்டு தேதிகளையும் முதல் நாள் கண்டன அறிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.