குழந்தை வரும் முன் வீட்டு வேலை: எதை முதலில் செய்வது?

கோலாலம்பூரில் பல குடும்பங்கள் சீமந்தம் முடிந்த பிறகுதான் வீட்டைப் புதுப்பிக்கத் தொடங்குகின்றன. ஏழாம் மாதத்தில் ஆரம்பித்தால் புதுப் பலகையின் நெடி அடங்குவதற்குள் குழந்தை வந்துவிடும். முடிந்தால் கருத்தரிக்கும் முன்பே செய்துவிடுங்கள். முடியாதவர்களுக்கு இந்த வரிசை.

படி 1: பழைய சாயத்தைச் சுரண்டாதீர்கள்
செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துப் பழைய வீடுகளில் அடிச்சாயத்தில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அது தூசியாகப் பறக்கும். தாயின் இரத்தத்தில் கலந்த ஈயம் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும்; எடை குறையலாம், மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். சாயம் உரியாமல் இருந்தால் மேலேயே புதுச்சாயம் அடியுங்கள். பழைய சீலிங் பலகையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதையும் உடைக்க வேண்டாம்.

படி 2: அலமாரி, கேபினட், தரை
சாயத்தைவிட எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். சிப்போர்டு, எம்டிஎஃப், பிளைவுட் பலகைகளின் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைட் என்ற நச்சு வாயு மாதக்கணக்கில் வெளியாகும். சூடும் ஈரப்பதமும் கூடினால் இன்னும் அதிகம், நம் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. வாடை போய்விட்டதே என்று நம்பாதீர்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வு ஒன்றில், கர்ப்பகாலத்தில் புதிதாகத் தரை போட்ட வீட்டுக் குழந்தைகளுக்கு முதல் வயதில் வீசிங் அதிகம் காணப்பட்டது. அதனால் வினைல், கார்ப்பெட் இப்போது வேண்டாம். இருக்கிற டைல்ஸ் போதும். கேபினட்டுக்கு, இந்த வாயுவை மிகக் குறைவாக வெளிவிடும் ‘இ-ஜீரோ’ (E0) தரப் பலகை கேளுங்கள். தொட்டிலும் துணி அலமாரியும் உறவினர் வீட்டில் பழையது கிடைத்தால் அதுவே மேல்.

படி 3: சாயம்
தண்ணீரில் கலக்கும், நெடி குறைந்த சாயம் வாங்குங்கள். தின்னர் வேண்டாம். வேலை நடக்கும்போது கர்ப்பிணி அந்த வீட்டில் இல்லாமல், தன் தாய்வீட்டில் தங்கட்டும்.

படி 4: காற்று
சுவரில் மாட்டும் ஏர்கான் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிவிடும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஜன்னல், இழுப்பறை எல்லாவற்றையும் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஜன்னலை மூடிவிடுங்கள். சாம்பிராணி போட்டால் வாடை மறையும், நச்சு போகாது. அந்தப் புகையும் பச்சைக் குழந்தைக்கு ஆகாது.

குழந்தை வீட்டுக்கு வந்தபின் நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, மூச்சிழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, வாடையால்தான் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.