இணைய விதிகள் பற்றி டிராய்க்குக் கருத்து எழுதுவது எப்படி?

எந்தச் செயலிக்கு முன்னுரிமை, எதற்குத் தனிக் கட்டணம், எதற்குத் தடை என்பதில் அரசு எந்த அளவுக்குத் தலையிடலாம் என்ற விவாதம் டெல்லியில் நடந்தாலும், அதன் விளைவு பாம்பன் மீனவரையும் கீழக்கரைக் குடும்பங்களையும் நேரடியாகத் தொடுகிறது. ஆகவே, டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கும்போதெல்லாம் இராமநாதபுரம் கரையிலிருந்தும் கடிதங்கள் போயாக வேண்டும்.

ஆணையத்தின் இணையதளத்தில் வெளியாகும் கலந்தாய்வு அறிக்கையில், இறுதியில் தொகுத்துத் தரப்படும் கேள்விகளை முதலில் படியுங்கள். உங்களுக்குத் தொடர்புள்ள இரண்டு மூன்று கேள்விகளுக்குக் கெடு தேதிக்குள் பதில் எழுதினால் போதும்.

அடுத்து, முடிவெடுப்பவர் யார் என்பதைத் தெளிந்துகொள்ளுங்கள். கட்டணம் டிராயின் கையிலேயே இருக்கிறது. உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு டேட்டா கட்டணம் வாங்கக் கூடாது என்று 2016 பிப்ரவரி 8 அன்று அதுவே விதி வகுத்தது. தளங்களைத் தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு அரசு தரும் உரிமத்தின் நிபந்தனை சார்ந்தவை. அவற்றில் டிராய் பரிந்துரைக்கும், தொலைத்தொடர்புத் துறை முடிவு செய்யும். 2018 மே மாதம் பக்கத்து மாவட்டமான தூத்துக்குடியில் நடந்ததுபோல் இணையத்தையே நிறுத்துவது உள்துறையின் ஆணையால் நடப்பது. அந்தக் குறையை டிராய்க்கு எழுதும் கட்டணக் கடிதத்தில் கலந்தால் இரண்டுமே வலுவிழக்கும்.

கடிதத்தின் உயிர் உங்கள் சொந்த அனுபவத்தில்தான் இருக்கிறது. வளைகுடாவில் வேலை செய்வோரின் கீழக்கரைக் குடும்பத்தாருக்கு இணைய அழைப்புக் கட்டுப்பாடு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸப் குரல் அழைப்பு தடுக்கப்பட்டிருப்பதை அவர்கள் அறிவார்கள். இங்கேயும் 2014 டிசம்பரில் ஏர்டெல் இணைய அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு எழுந்த பிறகே கைவிட்டது. அடுத்த ஆண்டு இத்தகைய செயலிகள் பற்றி டிராய் கருத்துக் கேட்டபோது, அதற்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வாசகத்தை நகலெடுத்தவை. அந்த எண்ணிக்கைக்கும் மதிப்பு உண்டு. ஆனால், கரைக்கு வருமுன்னே மீன் விலை கேட்டறியும் படகுக்காரரின் தேவையை எந்த மாதிரிக் கடிதமும் சொல்லாது.

எதிர்த்தரப்பு வாதத்தையும் தவிர்க்காதீர்கள். காணொளித் தளங்களால் நெரிசல் கூடுகிறது, செலவில் அவையும் பங்கேற்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்கின்றன. டேட்டாவுக்குச் சந்தாதாரர் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறார் என்பதே இதற்கு என் பதில். உங்கள் பதில் வேறாக இருந்தால் அதைக் காரணத்தோடு எழுதுங்கள். நெருக்கடிக் காலத்தில் கட்டணத்தைக் குறைக்க 2016 விதியே இடம் தருவதால், புயல் எச்சரிக்கையை நம்பி வாழும் நம் கரைக்காக அந்த விலக்கு தொடர வேண்டும் என்று தவறாமல் குறிப்பிடுங்கள்.

தமிழில் எழுதினால் ஆங்கிலச் சுருக்கம் ஒன்றை இணைப்பது நல்லது. கருத்துகள் பொதுவெளியில் வெளியிடப்படுவதால், கடிதத்தில் ஊர்ப் பெயரையும் தொழிலையும் குறிப்பிட்டு, கைப்பேசி எண்ணைத் தவிர்த்துவிடுங்கள்.