பழைய டெஸ்க்டாப்புக்கு ஹார்ட் டிஸ்க் மாற்றுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி கிளம்பாமல் நீலத் திரை வந்ததும் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் பணம் வீணாவது இங்கேதான். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய டெஸ்க்டாப்பில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை. அது தீர்ந்துபோனால் பயாஸில் (கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருள்) தேதி பல வருடம் பின்னால் போய்விடும். பல போர்டுகளில் சாட்டா முறையும், அதாவது போர்டு டிஸ்க்கோடு பேசும் முறையும், புதிய ஏஹெச்சிஐ-யிலிருந்து பழைய ஐடிஇ-க்குத் திரும்பிவிடும். விண்டோஸுக்குத் தன் டிஸ்க்கே தெரியாமல் போக, 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத் திரை வரும். பேட்டரியை மாற்றி, பயாஸில் ஏஹெச்சிஐ-யைத் திரும்ப வைத்தால் அதே டிஸ்க் பழையபடி ஓடும்.

அடுத்தது கேபிள். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் சி7 (தரவுப் பரிமாற்றப் பிழை) எண் ஏறிக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் சாட்டா கேபிளில்தான். அந்த எண் ஏறினால் இறங்காது. கேபிளை மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். அதே பட்டியலில் 05, சி5, சி6 ஆகியவை ஏறினால்தான் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டே கெடுகிறது என்று பொருள். அப்போது விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மணிக்கணக்கில் சுழலவைத்து, கோப்பு அமைப்பையும் திருத்தி எழுதும். முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் கொண்டு இன்னொரு டிஸ்க்குக்கு முழுப் பிரதி எடுங்கள். பழுது பார்ப்பதைப் பிரதியில் செய்யலாம்.

டிஸ்க் உண்மையிலேயே போய்விட்டதா? கடைக்குப் போகுமுன் கேபினெட்டைத் திறந்து பாருங்கள். 40 பின் கொண்ட பட்டைக் கேபிள் மட்டும் இருந்தால் அது ஐடிஇ (பழைய வகை இணைப்பு) போர்டு. ஐடிஇ டிஸ்க்குகள் இப்போது தயாரிப்பில் இல்லை, எனவே 'புதிது' என்று தருவது பழைய இருப்பாகவோ பயன்படுத்தியதாகவோ இருக்கும். சாட்டா டிஸ்க்கும் ஒரு மாற்றுக் கன்வெர்ட்டரும் வாங்குவதே மேல். ஒல்லியான 7 பின் கேபிள் இருந்தால் சாட்டா. அதிலும் வயா விடி8237 சிப் உள்ள பழைய போர்டுகள் நொடிக்கு 1.5 கிகாபிட் வேகத்தோடு நின்றுவிடும். வேகமான டிஸ்க்கைச் செருகினால் வேகத்தைப் பேசி இறங்கத் தெரியாமல், டிஸ்க்கே இல்லை என்று காட்டும். 1.5-க்குக் கட்டுப்படுத்தும் ஜம்பர் (பின்களை இணைக்கும் சிறு துண்டு) உள்ள டிஸ்க்தான் அங்கே வேலை செய்யும்.

கொள்ளளவில் ஆசைப்படுவது இன்னொரு தவறு. டிஸ்க்கைப் பிரித்துக் குறித்து வைக்கும் பழைய எம்பிஆர் முறை 32 பிட் எண்ணால் 512 பைட் செக்டர்களை (டிஸ்க்கின் சிறு துண்டுகளை) எண்ணுவதால் சுமார் 2.2 லட்சம் கோடி பைட்டுக்கு மேல் அதனால் எட்ட முடியாது. பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ இல்லாத போர்டில் 4 டிபி டிஸ்க்கைப் போட்டு அதிலேயே விண்டோஸை நிறுவினால் பாதி இடம் பயனில்லாமல் கிடக்கும். விண்டோஸ் 7-இல் எம்பிஆருக்குப் பின் வந்த ஜிபிடி முறையில் அதை இரண்டாம் டிஸ்க்காக வைக்கலாம். 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி அதைப் படிக்கவே படிக்காது. ஏதோ ஓர் இயந்திரத்துக்காகவோ பில்லிங் மென்பொருளுக்காகவோ எக்ஸ்பி-யை விடமுடியாதவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: எக்ஸ்பி தன் முதல் பார்ட்டிஷனை 63-ஆம் செக்டரில் தொடங்கும். இன்றைய டிஸ்க்குகளின் உள் செக்டர் 4096 பைட். இரண்டும் ஒட்டாததால் எழுதும் ஒவ்வொன்றும் இரண்டு செக்டர்களில் விழுந்து வேகம் படுத்துவிடும். எக்ஸ்பி-யை நிறுவுமுன் ஜிபார்ட்டட் மென்பொருளில் 1 எம்பி எல்லையில் தொடங்கும்படி பார்ட்டிஷன் போட்டுவிடுங்கள்.

இனி எதை வாங்குவது? ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் ஹார்ட் டிஸ்க்தான் வர வேண்டும் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 7200 சுற்று டிஸ்க்கில் தட்டு சுழன்று வரவே சராசரி 4.2 மில்லிநொடி, தலை நகர மேலும் 8 அல்லது 9. சிதறிக் கிடக்கும் கோப்புகளில் நொடிக்கு நூறு இடத்தைத் தொடுவதே பெரிய பாடு. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி அதே நொடியில் ஆயிரக்கணக்கான இடங்களைத் தொடும். ஜி41, எச்61 சிப்செட் உள்ள பழைய போர்டுகளின் சாட்டா வேகம் நொடிக்கு 3 கிகாபிட்தான், ஆகவே எஸ்எஸ்டி-யின் முழு வேகம் கிடைக்காது; நொடிக்கு 270 எம்பி போலக் கிடைக்கும். விண்டோஸ் திறக்கும் நேரத்தைக் குறைக்க அதுவே ஏராளம். ஏஹெச்சிஐ இல்லாத ஜி41-இல் எஸ்எஸ்டி போடக்கூடாது என்பதும் சரியல்ல. ஐடிஇ முறையிலும் விண்டோஸ் 7 தன் சொந்த டிரைவரால் டிரிம் கட்டளையை (அழித்த இடம் எது என்று எஸ்எஸ்டி-க்குச் சொல்வது) அனுப்பும். வாங்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி. எம்.2 என்விஎம்இ எனும் புதிய வகை எஸ்எஸ்டி-யை அடாப்டர் கார்டில் போட்டாலும் பழைய பயாஸ் அதிலிருந்து கிளம்பாது.

படம், வீடியோ சேமிக்கப் பெரிய டிஸ்க் வேண்டுமென்றால் தடங்களை எழுதும் முறை எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று மாடல் எண்ணைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். எஸ்எம்ஆரில் கூரை ஓடு அடுக்கியதுபோலத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும்; சிஎம்ஆரில் ஏறாது. ஓர் ஓடு மாற்ற அதன்மேல் ஏறியவற்றையும் எடுத்து வைக்க வேண்டியதுதான் அதன் தொல்லை. நிறைய எழுதும்போது திடீரென்று ஊர்ந்து போகும். சீகேட்டின் ஒரே பாரகுடா பெயரில் 1 டிபி (எஸ்டி1000டிஎம்010) சிஎம்ஆர், 2 டிபி (எஸ்டி2000டிஎம்008) எஸ்எம்ஆர். பெயரை நம்ப முடியாது.

மலிவாக வரும் சர்வர் டிஸ்க்குகளில் இரண்டு கண்ணிகள் உண்டு. சர்வர்களுக்கான எஸ்ஏஎஸ் வகை டிஸ்க்கின் இணைப்பு சாட்டா மாதிரியே இருக்கும், ஆனால் நடு இடைவெளி அடைபட்டிருக்கும். சாட்டா கேபிள் அதில் ஏறாது. வேறு சில சாட்டா டிஸ்க்குகள் மின் இணைப்பின் மூன்றாம் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் சுழலவே மாட்டா. அவற்றைச் செத்த டிஸ்க் என்று ஒதுக்கிவிடுவார்கள். பழைய 4 பின் மின் இணைப்பான மோலெக்ஸிலிருந்து அடாப்டர் வழியாக மின்சாரம் எடுத்தால் அந்த வோல்ட் வராது, டிஸ்க் சுழலும். அந்த அடாப்டரிலும் கவனம் தேவை: மொத்தமாக பிளாஸ்டிக் வார்த்து மூடிய வகை உள்ளே ஷார்ட் ஆகி உருகும். பின்னால் மூடி தெரிய, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே செருகிய வகையை வாங்குங்கள்.

பயன்படுத்திய டிஸ்க்கில் ஓடிய மணிக்கணக்கைச் சுழியாக்கி விற்பதும் நடக்கிறது. 2025 தொடக்கத்தில் பழைய சீகேட் டிஸ்க்குகள் புதிதென்று விற்கப்பட்டது வெளியானது அவற்றின் ஃபார்ம் பதிவால்தான் (சீகேட் டிஸ்க் தனக்குள் தனியே வைத்திருக்கும் பயன்பாட்டுக் கணக்கு). ஸ்மார்ட்சிடிஎல் மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அதைப் படிக்கலாம். வழக்கமாகக் காட்டும் மணிக்கணக்கும் ஃபார்ம் கணக்கும் பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

பொருத்தும்போது 3.5 அங்குல டிஸ்க்குக்கு 6-32 திருகு, 2.5 அங்குலத்துக்கு எம்3. மாற்றிப் போட்டால் மரை போய்விடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடியுமுன் டிஸ்க் முழுவதையும் ஒருமுறை எழுதிப் படித்துப் பாருங்கள். நொடிக்கு 150 எம்பி வேகத்தில் 1 டிபி எழுத இரண்டு மணி நேரம், படிக்க இன்னொரு இரண்டு. அது முடியும்வரை பழைய டிஸ்க்கில் எதையும் அழிக்க வேண்டாம்.