பரணிலிருந்து இறங்கும் ரயில்: மறுபடி தொடங்குபவர் தண்டவாளம் தேர்ந்தெடுப்பது எப்படி?

பத்து இருபது வருஷம் பரணில் கிடந்த மாடல் ரயில் பெட்டியைத் திறந்தால், எஞ்சின் பெரும்பாலும் ஓடிவிடும். தூசு தட்டி, பல்சக்கரத்துக்கு ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். மக்கர் பண்ணுவது தண்டவாளம்தான். வண்டி இரண்டடி போகும், நிற்கும், விரலால் தள்ளினால் மறுபடி போகும். உடனே எஞ்சினைக் கழற்ற உட்காராதீர்கள்.

இங்கே சொல்வது 9 மி.மீ. தடத்தில் ஓடும் 'என்' கேஜ் பற்றி. நம் பக்கத்து வீடுகளில் ஒரு கட்டில் அளவு இடம் ஒதுக்க முடிந்தாலே பெரிய விஷயம். அதற்குள் ஒரு முழு வட்டம் ஓட வேண்டுமென்றால் இந்த அளவுதான் சரிப்படும். 16.5 மி.மீ. தடத்துக்கும் முறை இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

படி 1: பழையதைத் தரம் பிரியுங்கள்

பழைய துண்டுகளை எல்லாம் தரையில் பரப்பி, ஒரு காந்தத்தைத் தண்டவாளத்தின் மேல் வையுங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாமல் மஞ்சளாக இருந்தால் பித்தளை. ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் நிக்கல் சில்வராக இருக்கலாம். பித்தளைக்கு மேலே வெள்ளை முலாமாகவும் இருக்கலாம். அடிப்பக்கம் ஓர் ஓரத்தில் சின்ன அரத்தால் இரண்டு இழு இழுத்தால் உண்மை தெரிந்துவிடும். உள்ளே மஞ்சள் பளிச்சிட்டால் அது முலாம்.

நிக்கல் சில்வர் என்ற பெயரில்தான் வெள்ளி. உள்ளே இருப்பது செம்பு, துத்தநாகம், நிக்கல். பித்தளையில் ஏறும் களிம்பு மின்சாரத்தைத் தடுக்கும். நிக்கல் சில்வரில் படியும் படலம் அந்த அளவுக்குத் தடுக்காது. எஃகைப் பற்றித் திருச்செந்தூர், காயல்பட்டினம், உவரி பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஜன்னல் கம்பி என்ன ஆகிறதோ அதுதான் தண்டவாளத்துக்கும்.

நிக்கல் சில்வர் துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளைத் துண்டுகள் வண்டிகளை அலமாரியில் நிறுத்திவைக்க ஆகும். 'ஒரு பக்கம் மட்டும் பழசைப் போட்டுக்கொள்ளலாமே' என்று கலக்க வேண்டாம். கோளாறு எப்போதும் அந்த ஒரு பக்கத்தில்தான் வரும்.

படி 2: சக்கரத்தைப் பார்த்துத் தண்டவாள உயரம்

தண்டவாளப் பெட்டியில் 'கோட் 80', 'கோட் 55' என்று போட்டிருக்கும். அது தண்டவாளத்தின் உயரம், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. கோட் 80 என்றால் சுமார் 2 மி.மீ.; கோட் 55 என்றால் 1.4 மி.மீ. தாழ்ந்த தண்டவாளம் பார்வைக்கு நிஜம் போலவே இருக்கும். படத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் அதன் மேல்தான் ஆசைப்படுவார்கள்.

ஆனால் பழைய வண்டிகளின் சக்கரத்தில் உள்விளிம்பு ஆழம் அதிகம், கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் வரை இருக்கும். கோட் 55 தண்டவாளத்தின் உள்பக்கம் ஸ்லீப்பரோடு (அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) பிடிக்கும் சின்னச் சின்னக் கொண்டைகளில் அந்த விளிம்பு தட்டும். வண்டி தடம் புரளாமலும் இருக்கலாம், ஆனால் தையல் மெஷின் மாதிரி 'டர்ர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடும். அட்லஸ் கம்பெனியின் கோட் 55-இல் பழைய சக்கரங்களுக்கு இந்தச் சிக்கல் உண்டு. பீக்கோவின் கோட் 55 வேறு ரகம்: உயரமான தண்டவாளத்தையே பாதி ஸ்லீப்பருக்குள் புதைத்து, வெளியே தெரிவதை மட்டும் தாழ்வாகக் காட்டியிருப்பார்கள். பழைய சக்கரமும் அதில் பொதுவாக ஓடும், பிடிப்பும் வலு.

முடிவெடுக்க ஒரே ஒரு துண்டு வாங்குங்கள். உங்களிடம் இருப்பதிலேயே பழைய சரக்குப் பெட்டியை அதன் மேல் வைத்து, காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் மெதுவாக உருட்டுங்கள். சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. தட்டினால் கோட் 80-க்குப் போங்கள். பக்கவாட்டில் பழுப்பு பெயின்ட் அடித்துவிட்டால், ஒரு கை தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அரை மில்லிமீட்டர் உயரமெல்லாம் கண்ணில் படாது.

படி 3: மீட்டர் கேஜ் ஆசையை இப்போதே தீர்த்துக்கொள்ளுங்கள்

திருநெல்வேலிக்காரர் மறுபடி ரயில் மாடலுக்கு வந்தால், மனசில் ஓடுவது பெரும்பாலும் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதைதான்: 1904-இல் திறந்த மீட்டர் கேஜ், பதிமூன்று கண் பாலம், முன்னும் பின்னும் எஞ்சின். 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தாலும் பழைய பாதையின் மேல் உள்ள பிரியம் போகவில்லை.

கணக்கு இதுதான். 'என்' கேஜின் 1:160 அளவில் (நிஜத்தில் 160-இல் ஒரு பங்கு) 9 மி.மீ. என்பது 1,440 மி.மீ., அதாவது உலகின் ஸ்டாண்டர்ட் கேஜ். நம் அகலப் பாதை 1,676 மி.மீ.; அது 10.5 மி.மீ. ஆக வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் குறைகிறது, பெட்டி மேலே நின்றால் தெரியாது. மீட்டர் கேஜ் 6.25 மி.மீ. ஆக வேண்டும். அதற்கு 6.5 மி.மீ. 'இசட்' தடத்தின் மேல் 1:160 உடலை நீங்களே செய்து ஏற்ற வேண்டும். செய்யலாம், ஆனால் அது இரண்டாவது திட்டமாக இருக்கட்டும். முதல் வட்டம் 9 மி.மீ.யில், அகலப் பாதையாக.

படி 4: வளைவை முதலில் அளந்து, பலகையை அப்புறம் வெட்டுங்கள்

புது ரகப் பயணிகள் பெட்டியான எல்.எச்.பி.யின் நீளம் 23.54 மீட்டர். 1:160-இல் 147 மி.மீ. பழைய ரகமான ஐ.சி.எஃப். பெட்டி 133 மி.மீ. வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப் போல மூன்று மடங்காவது இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும். அதற்கு 440 மி.மீ. வேண்டும். இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைந்தாலும் ஓடும், ஆனால் பெட்டியின் நடு வளைவுக்குள்ளேயும், முனை வெளியேயும் துருத்தும்.

எவ்வளவு துருத்தும் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எல்.எச்.பி.யின் இரண்டு போகி (பெட்டிக்கு அடியில் உள்ள சக்கரத் தொகுதி) மையங்களுக்கு இடையே 14.9 மீட்டர், மாடலில் 93 மி.மீ. 282 மி.மீ. ஆர வளைவில் பெட்டியின் நடு உள்பக்கமாக 4 மி.மீ. போகும், முனை வெளிப்பக்கமாக 6 மி.மீ. வரும். இரட்டைத் தடத்தை 33 மி.மீ. இடைவெளியில் போட்டால், எதிரும் புதிருமாக வரும் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மிஞ்சுவது 3 மி.மீ. சொச்சம்தான். பிளாட்பாரத்தை வளைவில் வைத்தால் உரசுவது இதனால்தான்.

தொடக்கத்துக்கு 315 மி.மீ. ஆரம் நல்ல சமரசம். 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்றில், 4 அடிக்கு இரண்டரை அடி அளவில் மூன்று பலகை வெட்டலாம், அரை அடிப் பட்டை மிஞ்சும். 12 மி.மீ. கனம் எடுத்து, அடியில் ஒன்றரை அங்குலச் சட்டம் கொடுங்கள். சட்டம் இல்லாத பலகை அடுத்த மழைக்காலத்துக்குள் அப்பளமாக வளையும்.

அந்த ஒரு பலகையில் அடங்கும் வட்டத்துக்கு, கேட்டோ கம்பெனியின் யூனிட்ராக் துண்டுத் தடக் கணக்கில்: 315 மி.மீ. ஆரம், 45 பாகை வளைவு 8, 248 மி.மீ. நேர்த்துண்டு 4, மின் இணைப்பு ஜாயினர் (துண்டுகளைக் கோக்கும் உலோக இணைப்பு) ஒரு ஜோடி. தடத்துக்கு அடியில் சேர்ந்தே வரும் ஜல்லி மேடையோடு சேர்த்து மொத்தம் 1,151 மி.மீ. நீளம், 655 மி.மீ. அகலம் வரும். பலகை 1,219-க்கு 762. நீளவாக்கில் இரு முனையிலும் 34 மி.மீ.தான் மிச்சம், ஆகவே விளிம்பில் ஒரு சின்னத் தடுப்புப் பட்டை அவசியம்.

கல்லிடைக்குறிச்சி, செய்துங்கநல்லூர் போல ஒற்றைப் பாதையில் கிராஸிங் போடும் ஸ்டேஷன் வேண்டுமா? நான்கு பெட்டியும் ஓர் எஞ்சினும் நிற்க 75 செ.மீ., இரு முனையிலும் பாயிண்டும் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) திருப்பு வளைவும் சேர்ந்து 25 செ.மீ. வீதம். ஆக 125 செ.மீ. நேர்ப்பாதை. வளைவுகளையும் சேர்த்தால் இது 4 அடிப் பலகையில் அடங்கவே அடங்காது. இரண்டு பலகையை நீளவாக்கில் சேர்க்கத் திட்டம் வையுங்கள், அல்லது இப்போதைக்கு ஒரு முட்டுத்தடத்தோடு (ஒரு முனையில் முடிந்துவிடும் பக்கத் தடம்) திருப்திப்படுங்கள்.

படி 5: துண்டுத் தடமா, வளையும் தடமா?

ஜல்லி மேடையோடு வரும் துண்டுத் தடம் (கேட்டோ யூனிட்ராக், டோமிக்ஸ் ஃபைன் டிராக்) 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். சாயங்காலம் பிரித்து வைத்து மறுநாள் வேறு மாதிரி போடலாம். மறுபடி தொடங்குபவருக்கு முதல் ஆறு மாதம் இதுதான் ஏற்றது. எந்த வடிவம் அலுக்கும், எது அலுக்காது என்று தெரியாமல் ஒட்டிவிட்டால் பின்னால் வருத்தம். ஆனால் இரண்டு கம்பெனியையும் கலக்காதீர்கள். நேர்த்துண்டு ஒன்றில் 248, மற்றதில் 280. இரட்டைத்தட இடைவெளி ஒன்றில் 33, மற்றதில் 37.

வேண்டிய வளைவுக்கு நாமே வளைத்துக்கொள்ளும் தடம் ஒன்று சுமார் 914 மி.மீ., அதாவது ஒரு கெஜம். விலை மீட்டருக்குக் குறைவு, பார்வைக்கு அழகு. சிமென்ட் ஸ்லீப்பர் போட்ட ரகமும் உண்டு; நம் பாதைக்கு அதுதான் பொருந்தும். நிஜத்தில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் போடுவார்கள், அதாவது 60 செ.மீ.க்கு ஒன்று. மாடலில் 3.8 மி.மீ. வாங்கும்போது ஸ்கேலை வைத்துப் பாருங்கள்.

வளைக்கும்போது தவறு நடப்பது இணைப்பில். ஒரு துண்டை வளைத்து, இன்னொன்றை வளைத்து, நடுவில் ஜாயினர் மாட்டினால், தடம் நிமிரப் பார்த்து அந்த இடத்தில் ஒரு கோணம் விழும். வண்டி தினமும் அங்கேயே புரளும். சரியான முறை: இரண்டு துண்டையும் நேராக வைத்து ஜாயினரில் சால்டர் வைத்து ஒன்றாக்குங்கள். அப்புறம் வளையுங்கள். உள்பக்கத் தண்டவாளம் முனையில் நீண்டு வரும். அதை வெட்டி, அரத்தால் மேல், பக்கம், அடி மூன்றையும் தேயுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நகத்தை இணைப்பின் மேல் இழுங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும்.

படி 6: பாயிண்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

தண்டவாளத்தில் மிச்சம் பிடியுங்கள், பாயிண்டில் பிடிக்காதீர்கள். குட்டையான பாயிண்டில் ஆறு அச்சு எஞ்சின் தடுமாறும், நீளப் பெட்டி ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும். இடம் இருந்தால் எப்போதும் நீளமானதை வாங்குங்கள்.

இரண்டு தடம் வெட்டிக்கொள்ளும் 'தவளை' பிளாஸ்டிக்கா, உலோகமா என்று கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் என்றால் வயரிங் சுலபம், ஆனால் சின்ன ஷண்டிங் எஞ்சின் அதன் மேல் மெதுவாகப் போகும்போது செத்து நிற்கும். மின்சாரம் பாயும் உலோகத் தவளையில் நிற்காது. அதற்கு ஒரு நிபந்தனை: தவளையிலிருந்து கிளம்பும் இரண்டு உள்தண்டவாளத்திலும் பிளாஸ்டிக் ஜாயினர் போட வேண்டும், கரன்ட்டை நாக்கு (தடம் மாற்ற நகரும் கூர்முனை) இருக்கும் பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும். மறந்தால் பாயிண்டை மாற்றியதும் ஷார்ட் ஆகும்.

படி 7: வெயிலுக்கும் ஈரத்துக்கும் இடம் விடுங்கள்

மொட்டைமாடி அறையில் மார்கழிக் காலைக்கும் அக்னி நட்சத்திர மதியத்துக்கும் 20 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அதில் ஒரு கெஜத் தண்டவாளம் 0.3 மி.மீ. நீளும். வெயில் காலத்தில் மரம் காய்ந்து சுருங்கவும் செய்யும். தண்டவாளம் நீள, பலகை சுருங்க, தடம் பாம்பு மாதிரி நெளியும்.

மார்கழியில் போட்டால் நேர்ப்பாதை இணைப்புகளில் ஒரு விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுங்கள். சித்திரையில் போட்டால் ஒட்டியே வையுங்கள். வளைவைத் தவிர எங்கும் ஜாயினரைச் சால்டர் வைத்து இறுக்காதீர்கள். பலகையின் மேல், கீழ், ஓரம் எல்லாப் பக்கமும் பெயின்ட் அடிப்பது தென்காசிச் சாரலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் சேர்த்துப் போடும் குடை. மேல்பக்கம் மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரம் குடித்து வளையும்.

சுத்தம் செய்ய உப்புத்தாள் கூடவே கூடாது. கீறலில்தான் அழுக்கு குடியேறும். பழைய வேட்டித் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

படி 8: ஒட்டும் முன் சோதனை

ஜாயினரை நம்பி மின்சாரம் கடத்தாதீர்கள். பலகைக்கு அடியில் 1 ச.மி.மீ. செம்பு வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும், ஓட விடுங்கள். வளையும் தடமென்றால் ஒவ்வொரு துண்டிலிருந்தும் மெல்லிய வயர் ஒன்று அதில் சேரட்டும். எஞ்சின் ஓடும்போது மல்டிமீட்டரை கன்ட்ரோலர் முனையிலும் தூரத்து முனையிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் நடுவில் ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது.

பிறகு இருப்பதிலேயே நீளமான பெட்டிகளை எஞ்சினுக்கு முன்னால் கோத்து, எஞ்சினால் பின்னாலிருந்து தள்ள விடுங்கள். இழுக்கும்போது ஒளிந்துகொள்ளும் குறையெல்லாம் தள்ளும்போது வெளியே வரும். புரளும் இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி. ஒரே இடத்தில் எல்லா வண்டியும் புரண்டால் தடத்தில் கோளாறு. ஒரே வண்டி எல்லா இடத்திலும் புரண்டால் அதன் சக்கர இடைவெளியில் கோளாறு.

புள்ளிகள் எல்லாம் அழிந்து, ஒரு வாரம் ஓட்டிய பிறகு ஜல்லிக்குப் போங்கள். வெள்ளைப் பசையைச் சம அளவு தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாயிண்ட் நாக்குக்கு இரண்டு செ.மீ. முன்பாகவே பசையை நிறுத்திவிடுங்கள். அந்த இடத்துக்கு ஜல்லிக்குப் பதில் சாம்பல் நிறப் பெயின்ட் போதும்.