1993 புளூ ஜேஸ் அட்டைகளை வன்னியில் இருந்து சேர்ப்பது எப்படி

1993 ஒக்ரோபர் 23. ரொறன்ரோ ஸ்கைடோம் அரங்கில் பேஸ்போல் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்சில் ஜோ காட்டர் அடித்த பந்து இடப்பக்க மதிலுக்கு மேலால் போனது. மூன்று ஓட்டங்கள், 8–6, ரொறன்ரோவின் புளூ ஜேஸ் அணி தொடர்ந்து இரண்டாவது ஆண்டாகவும் சம்பியன். எல்லே விளையாடி வளர்ந்தவர்களுக்கு அந்த அடியின் பெறுமதியைச் சொல்லத் தேவையில்லை. கனடாவில் சொந்தம் உள்ள வன்னிப் பிள்ளைகள் பேஸ்போல் அட்டை (முன்பக்கம் வீரரின் படமும் பின்பக்கம் அவரின் ஆட்டக் கணக்கும் உள்ளது) சேர்க்க விரும்பினால், இதைவிட நல்ல பருவம் கிடையாது. செலவும் குறைவு.

முதலில் ஆண்டுக் கணக்கைச் சரியாகப் பிடிக்க வேண்டும். 1993 அட்டைகள் பருவம் தொடங்க முன்னரே அச்சாகத் தொடங்கிவிட்டன. அவற்றின் பின்பக்கத்தில் இருப்பது 1992 வரையான கணக்குத்தான். ஜேஸ் வீரர் ஜோன் ஒலரூட் .363 அடிச் சராசரியுடன் அமெரிக்கன் லீக்கில் (பெரிய பேஸ்போல் லீக் இரண்டில் ஒன்று) முதலிடம் பிடித்ததும், அதே அணியின் போல் மொலிட்டர் .332, றொபேட்டோ அலொமார் .326 என்று அடுத்த இரண்டு இடங்களையும் எடுத்ததும் 1994 அட்டையின் பின்பக்கத்தில்தான் வரும். மொலிட்டர் 1992 டிசெம்பரில்தான் மில்வோக்கி அணியை விட்டு வந்தார். அதனால் அட்டை நிறுவனமான ரொப்ஸின் 1993 முதல் தொகுதியில் பழைய அணிச் சட்டையோடு நிற்கிறார். உலகத் தொடரின் சிறந்த வீரரான அவரை ரொப்ஸின் வழக்கமான செற்றில் ஜேஸ் சட்டையோடு பார்க்க 1994 அட்டை வேண்டும். 1993 செற்றோடு நிறுத்தினால் சேகரிப்பு பாதியில் நிற்கும்.

ரொப்ஸ் 1993 செற்றில் 825 அட்டைகள்: முதல் தொகுதி 1–396, இரண்டாவது 397–825. ரொப்ஸ் 1994 செற்றில் 792. ஜேஸ் அணி மட்டும் போதும் என்றால் ஒரு செற்றில் முப்பது அளவில் தேறும். ஒன்பது பை உள்ள பிளாஸ்ரிக் தாள் நான்கில் அடங்கிவிடும். ஆனால் இந்தப் பருவத்துக்கு உரிய அட்டை என்றால் அது ஓ-பீ-சீதான். அப்போது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் இயங்கிய நிறுவனம். 1993இல் 396 அட்டைகள், பின்பக்கம் ஆங்கிலமும் பிரெஞ்சும். இதையே முதலில் தேடுங்கள்.

அந்த ஆண்டுகளில் அட்டைகளை அளவுக்கு மிஞ்சி அச்சடித்தார்கள். வீடு வீடாகப் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. அதனால் "பழையது, அரிது" என்று விலை சொல்பவரிடம் வாங்க வேண்டாம். திறக்காத பக்கெற்றுகளும் வேண்டாம். ஒரே அட்டை திரும்பத் திரும்ப வரும், செற் நிறையாது. முழுச் செற்றாக வாங்குவதே மலிவு. கைமாறிய 1993 ரொப்ஸ் செற் என்றால் 98ஆம் இலக்கத்தை முதலில் பாருங்கள். அது பின்னாளில் நியூயோர்க் யாங்கீஸ் அணியின் நட்சத்திரமான டெரெக் ஜீட்டரின் தொடக்க கால அட்டை. விலை போவதால் அதை உருவி எடுத்துவிட்டு மிச்சத்தை விற்பவர்கள் உண்டு.

கனடாவில் உள்ளவரிடம் "கொஞ்சம் அட்டை வாங்கி அனுப்புங்கோ மாமா" என்று மட்டும் சொன்னால் கிடைத்ததை அனுப்புவார். கொப்பியில் நிறுவனம், ஆண்டு, இலக்கம் எழுதி, படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுங்கள். கூடவே மெல்லிய உறை நூறு உள்ள ஒரு பக்கெற்றும், நல்ல அட்டைகளுக்குக் கடின உறை இருபத்தைந்தும் கேளுங்கள். 825 அட்டைகள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ வரும். தபாலை விட, ஆடி ஆவணியில் மடுத் திருவிழாவுக்கோ விடுமுறைக்கோ வருபவரின் கைப்பையில் வருவது பாதுகாப்பு. றப்பர் பாண்ட் போடவே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது விளிம்பில் பள்ளம் வெட்டும், வெக்கையில் உருகி ஒட்டியும் விடும்.

வந்த அட்டையை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். நான்கு மூலையும் கூராக இருக்க வேண்டும். வெள்ளை ஓரம் இடமும் வலமும் ஒரே அகலமா என்று பாருங்கள். பெயர்ப்பட்டி தங்கநிறத் தகடாக மின்னினால் அது ரொப்ஸ் கோல்ட்; சாதாரண பக்கெற்றுக்கு ஒன்றுதான் வந்தது, தனியே எடுத்து வையுங்கள்.

பாதுகாப்புத்தான் வன்னியில் பெரிய வேலை. கச்சான் காற்றுக் காலத்தில் செம்புழுதி. கைதுடைத்துவிட்டுத் தொடாவிட்டால் தூசு மேற்பூச்சைக் கீறும். மாரியில் ஈரம். தகரக் கூரை வீட்டில் மேல்தட்டு கொதிக்கும், நிலத்தில் வைத்தால் கறையான், வெள்ளம். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வெள்ளம் புகுந்ததை மறந்துவிடாதீர்கள். ஆகவே இறுக்கமாக மூடும் பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு, அலுமாரியின் நடுத்தட்டில், சுவரில் முட்டாமல் வையுங்கள். புத்தகக் கடையில் கிடைக்கும், மணம் வீசும் மெதுவான பிளாஸ்ரிக் பைல்களில் அட்டையைச் செருகக் கூடாது; அதில் கலந்த எண்ணெய் கசிந்து மையோடு ஒட்டும். பசைத்தாள் அல்பமும் அப்படியே. பூச்சி உருண்டையும் போட வேண்டாம், அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்ரிக்கை இளக்கும்.

ஈரத்துக்குச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறும் வகை என்றால் இன்னும் நல்லது: நீலமணி இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத தாச்சியில், வெளியில் வைத்து, மெல்லிய சூட்டில் நீலம் திரும்பும்வரை காய்ச்சுங்கள். ஆறிய பிறகே பெட்டிக்குள் போட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு, பளபளப்புப் பூச்சுள்ள அட்டைகள் அடுக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்க வேண்டாம், வீரரின் முகம் மற்ற அட்டையோடு போய்விடும். சிலிக்கா ஜெல்லோடு மூடிய பெட்டியில் ஒரு கிழமை விடுங்கள். பிறகு அடுக்கைக் கையில் பிடித்து, முறியாத அளவுக்கு மெல்ல வளைத்தால் ஓரத்தில் 'டிக்' என்று சத்தம் கேட்கும். அந்த இடத்தில் இருந்து பக்கவாட்டில் நழுவவிடுங்கள். சத்தம் வராவிட்டால் இன்னொரு கிழமை உள்ளே வையுங்கள்.