சைக்கிள் ரேஸில் இறங்கும் முன் காற்றைப் புரிந்துகொள்ளுங்கள்

ரேஸ் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது எந்த சைக்கிள் வாங்கலாம் என்றுதான். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சமதளத்தில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும்போது உங்கள் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே செலவாகிறது. முன்னால் ஒருவர் எதிர்க்காற்றைத் தன் மேல் வாங்கிக்கொண்டு போக, அவர் பின்சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்குக் கால்வாசி உழைப்பு, சில சமயம் அதற்கும் மேலே மிச்சமாகிறது. பந்தயத் தந்திரங்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கின்றன.

இதைப் பார்த்துப் பழக ரோடு ரேஸ்தான் சரியான இடம். 1903இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம், 21 ஸ்டேஜ் (ஒரு நாள் ஓட்டம் ஒரு ஸ்டேஜ்), மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவருக்கு மஞ்சள் ஜெர்சி. ஒரு அணியில் எட்டுப் பேர், ஆனால் எட்டுப் பேரும் ஜெயிக்க ஓட்டுவதில்லை, பலருடைய வேலையே தலைவனுக்கு முன்னால் காற்றை வாங்குவது, தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பது, அவர் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது. காலையிலேயே நாலைந்து பேர் பிரிந்து முன்னால் ஓடுவார்கள், அதுதான் பிரேக்அவே. பின்னால் வரும் பெருங்கூட்டம், அதாவது பெலட்டான், மாறி மாறிக் காற்றை வாங்குவதால் பெரும்பாலும் கடைசி சில கிலோமீட்டரில் அவர்களைப் பிடித்துவிடும். பக்கவாட்டில் காற்றடித்தால் கூட்டம் சாய்ந்த கோடுகளாக உடையும், அந்த நேரத்தில் பின்தங்கினால் போச்சு. மலையில் வேகம் குறைவதால் ஒட்டிப் போவதில் லாபமும் குறைகிறது, அதனால்தான் அங்கே உடல் எடை குறைந்தவர்கள் மேலே வருகிறார்கள்.

டைம் ட்ரையலில் யாரையும் ஒட்டிப் போகக் கூடாது. ஒவ்வொருவராகக் கிளம்பித் தனியாகக் கடிகாரத்தோடு மோத வேண்டும். 1989 டூரின் கடைசி நாளில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், முதலிடத்தில் இருந்த பிரான்ஸ் வீரர் லோரான் ஃபின்யோனைவிட 50 வினாடி பின்தங்கியிருந்தார், மிச்சம் இருந்தது 24.5 கி.மீ. டைம் ட்ரையல் மட்டுமே. கைகளை முன்னால் குவித்துப் பிடிக்கும் ஏரோ பாரும் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட்டுமாக ஓட்டினார்; ஃபின்யோன் ஹெல்மெட்டே போடவில்லை. லெமாண்ட் 8 வினாடியில் டூரை ஜெயித்தார். எனக்கு இதைவிடப் பிடித்த பந்தய நாள் கிடையாது.

டிராக் ரேஸ் நடப்பது வெலோட்ரோமில், அதாவது வளைவுகள் சரிந்திருக்கும் சைக்கிள் ஓட்டத் திடலில், வழக்கமாக 250 மீட்டர் சுற்று. சைக்கிளில் பிரேக்கும் கிடையாது, கியர் மாற்றவும் முடியாது. இருவர் நேருக்கு நேர் மோதும் குறுந்தூர ஸ்பிரின்ட்டில் இருவரும் ஆரம்பத்தில் ஊர்ந்துகொண்டிருப்பார்களே, அது முன்னால் போய்க் காற்றை வாங்க யாருக்கும் மனமில்லாததால்தான். ஜப்பானில் பிறந்த கெய்ரின் என்ற டிராக் பந்தயத்தில் முதல் சில சுற்றுகள் ஒரு மோட்டார் வண்டியின் பின்னால் போவார்கள். டெல்லியில் மரத்தளம் போட்ட வெலோட்ரோம் இருக்கிறது; 2019இல் இந்திய ஜூனியர்கள் டீம் ஸ்பிரின்ட்டில் உலகப் பட்டமே வாங்கினார்கள்.

மவுன்டன் பைக், சைக்ளோகிராஸ், பிஎம்எக்ஸ் ஆகிய மண்தடப் பந்தயங்கள் மூன்றிலும் காற்றைவிட மண்ணும் வளைவும் தாவலும்தான் முக்கியம். கூட்டத்தோடு உரசி ஓட்ட விருப்பமில்லாதவர்கள் அந்தப் பக்கம் போகலாம்.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? முதலில் உள்ளூர் குழுவோடு ஓட்டுங்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை நுழைக்கவே நுழைக்காதீர்கள், அவர் லேசாக ஒதுங்கினாலும் விழப்போவது நீங்கள்தான். திடீர் பிரேக் வேண்டாம். குழியைக் கையால் காட்டுங்கள். பார்வை சக்கரத்தில் இருக்கக் கூடாது, அவர் தோளுக்கு அப்பால் இருக்கட்டும். உங்கள் முறை வந்தால் வேகத்தைக் கூட்டாமல் முன்னால் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு ஒதுங்குங்கள். முதல் போட்டிக்கு டைம் ட்ரையலில் பேர் கொடுங்கள். கூட்ட நெரிசல் இல்லை, உங்கள் பலம் எவ்வளவு என்றும் தெரிந்துவிடும். அப்புறம் ரோடு ரேஸ். அதில் முதல் தடவை ஜெயிக்கப் பார்க்காமல், கடைசிவரை கூட்டத்துக்குள் காற்றுப் படாமல் இருக்கப் பாருங்கள்.