எச்சரிக்கை விளக்கு எரிகிறது: பழைய காரில் மின்பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

பழைய காரின் டேஷ்போர்டில் ஒரு விளக்கு எரிந்தால், அது சுட்டும் பாகத்தை வாங்கி மாற்றுவதற்கு முன்னால், அந்த விளக்கை எரியவைப்பது எது என்று கேட்க வேண்டும். விளக்கும் ஒரு மின்சுற்றுதான். அதற்கென்று வயரும் கனெக்டரும் ஃபியூஸும் எர்த்தும் (பேட்டரியின் மைனஸுக்கு மின்சாரம் திரும்பிச் செல்லும் பாடி இணைப்பு) உண்டு. பல ஆண்டுகள் எஞ்சின் சூட்டிலும் ஈரத்திலும் கிடந்த வண்டியில், காவலுக்கு வைத்த அந்தச் சுற்றே கெட்டு வீண் எச்சரிக்கை தருவதுண்டு. அதற்காக, ஆயில், வெப்பம், பிரேக் ஆகிய மூன்றின் சிவப்பு விளக்குகளையும் சென்சார் கோளாறு என்று ஊகித்து ஓட்டிக்கொண்டே போகக் கூடாது. வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆயில், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பிரேக் ஆயில் ஆகியவற்றின் அளவுகளைப் பார்த்த பிறகே மின்பழுதைத் தேட வேண்டும்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்பினால் சார்ஜ், ஆயில், எஞ்சின் விளக்குகள் எரிய வேண்டும். கிளப்பியதும் அணைய வேண்டும். எரிய வேண்டிய நேரத்தில் எரியாத விளக்கு, எரிந்துகொண்டே இருக்கும் விளக்கைவிடக் கெட்ட செய்தி. தொல்லை தரும் பல்பைக் கழற்றிவிட்டு வண்டியை விற்பவர்களும் இருப்பதால், பழைய கார் வாங்குகிறவர் இந்தச் சோதனையை விலை பேசுவதற்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

அடுத்ததாக வோல்டேஜையும் மின்தடையையும் அளக்கும் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், வயரில் மின்சாரம் இருந்தால் எரியும் ஒரு டெஸ்ட் லேம்ப், அந்த மாடலுக்கான வயரிங் வரைபடம் ஆகியவை தேவை. எந்த விளக்கு எரிந்தாலும் பேட்டரியிலிருந்தே தொடங்குங்கள். சில மணி நேரம் ஓடாமல் நின்ற வண்டியில் முழு சார்ஜுள்ள பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும்; 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ்தான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், பேட்டரியோ அதன் கேபிளோ பலவீனமாக இருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து விளக்குகள் சேர்ந்து எரிவதற்கு, பல சமயம் இந்த வோல்டேஜ் குறைவே காரணம்.

சார்ஜ் விளக்கைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். பல பழைய வண்டிகளில் இந்த பல்பின் ஒரு முனை சாவி வழியாக பேட்டரியுடனும், மறுமுனை ஆல்டர்னேட்டரில் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) ‘டி பிளஸ்’ அல்லது ‘எல்’ என்று குறிக்கப்பட்ட முனையுடனும் இணைந்திருக்கும். எஞ்சின் நிற்கும்போது ஆல்டர்னேட்டரின் உட்சுருள் வழியாக எர்த் கிடைப்பதால் பல்பு எரிகிறது. ஆல்டர்னேட்டர் உற்பத்தியைத் தொடங்கியதும் பல்பின் இருபுறமும் ஒரே வோல்டேஜ் நிற்பதால், மின்னோட்டத்துக்கு வழியில்லாமல் அணைகிறது. எனவே, எஞ்சின் ஓடும்போதும் அது மங்கலாக எரிந்தால், இரண்டு புறமும் சமமாக இல்லை என்று பொருள்: ஆல்டர்னேட்டருக்குள் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் டயோடு ஒன்று போயிருக்கலாம், அல்லது சாவியிலிருந்து வரும் வழியில் ஏதோ ஓர் இணைப்பு வோல்டேஜை விழுங்கலாம். இத்தகைய வண்டிகளில் அந்த பல்பு வழியே போகும் சிறிய மின்னோட்டம்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது என்பதால், பல்பு ஃபியூஸ் போனால் சார்ஜே ஏறாமல் போகக்கூடும்.

பெல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பது பொதுவாக இயல்பு. 13-க்குக் கீழே நின்றால், ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வெளியீட்டு முனைக்கும் பேட்டரியின் பிளஸ் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். அங்கே அரை வோல்ட் தெரிந்தால் குற்றவாளி கேபிள்தான். எஞ்சின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்; அப்போது எழும் வோல்டேஜ் பாய்ச்சல், நன்றாக இருந்த எலக்ட்ரானிக் பெட்டிகளையும் சேர்த்துக் கொல்லும்.

ஆயில் விளக்கின் சுற்று இன்னும் எளிமையானது. பெரும்பாலான பழைய எஞ்சின்களில் அழுத்தம் இல்லாதபோது சுவிட்ச் வயரை எர்த்துடன் சேர்க்கிறது, அழுத்தம் வந்ததும் பிரிக்கிறது. எஞ்சினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, சுவிட்சிலிருந்து வயரை உருவுங்கள். விளக்கு அணையாவிட்டால் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. அணைந்தால் வயர் நல்லது என்று மட்டுமே தெரியும். ஆயில் அழுத்தம் சரியா என்பதை மெக்கானிக்கல் கேஜ் பொருத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உருவிய கனெக்டருக்குள் ஆயில் ஊறியிருந்தால் சுவிட்ச் கசிகிறது, அதை மாற்றிவிடலாம்.

பழைய காரில் என் முதல் சந்தேகம் எப்போதும் எர்த் மீதுதான். இண்டிகேட்டர் போட்டால் வேறொரு விளக்கும் சேர்ந்து துடிப்பது, ஹெட்லைட் போட்டதும் வெப்ப முள் நகர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். இதை மீட்டரின் ஓம் அளவில், அதாவது மின்தடை பார்த்துச் சோதித்தால் ஏமாறுவோம். பத்து இழை அறுந்து ஓர் இழை மிஞ்சிய வயரும் மீட்டரின் சிறு மின்னோட்டத்துக்குப் போதுமானது. மாறாக, ஹெட்லைட்டையும் ஃபேனையும் ஓடவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மற்றதை டேஷ்போர்டின் எர்த் இணைப்பிலும் வைத்து வோல்ட் அளவில் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நன்று, 0.2-ஐத் தாண்டினால் இணைப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். வெளியே பளபளவென்று தெரியும் போல்ட்டை அவிழ்த்தால், வளையத்தின் அடியில் பச்சைக் களிம்பும் துருவும் படர்ந்திருக்கும். உப்புத்தாளால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலின் பூசினால் ஈரம் நெருங்காது.

பிரேக் விளக்கில் மின்பழுது குறைவு: ஹேண்ட் பிரேக் சுவிட்சும் பிரேக் ஆயில் மட்டத்தின் சுவிட்சும் பெரும்பாலும் ஒரே விளக்குக்கு வருகின்றன, பேட் தேய்ந்தாலும் ஆயில் மட்டம் இறங்கும். ஏர்பேக் விளக்கில் மட்டும் மீட்டரையோ டெஸ்ட் லேம்ப்பையோ வைக்கவே வேண்டாம். அந்தச் சிறு மின்னோட்டமே பையை வெடிக்க வைக்கலாம்.

எஞ்சின் விளக்குக்கு, வண்டியின் கணினியில் பதிந்த பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் உதவும், ஆனால் அது தரும் குறியீடு சுட்டுவது சுற்றைத்தான், பாகத்தை அல்ல. கூலன்ட் வெப்ப சென்சார் சுற்றில் குறை என்று வந்தால், சென்சாரின் கனெக்டரை உருவிவிட்டு ஸ்கேனரில் வெப்பத்தைப் பாருங்கள்: மைனஸ் 40 டிகிரி போன்ற கடுங்குளிர் தெரிய வேண்டும். பிறகு கனெக்டரின் இரு முனைகளையும் சிறு கம்பியால் சேர்த்தால் உச்ச வெப்பத்துக்குத் தாவ வேண்டும். இரண்டும் நடந்தால் வயரிங் நல்லது, சென்சாரை மாற்றலாம். நடக்காவிட்டால் புதிய சென்சாரும் விளக்கை அணைக்காது.

வந்து வந்து போகும் பழுதுதான் பொறுமையைச் சோதிக்கும். மீட்டரை இணைத்துவிட்டு, வயர்க்கட்டைக் கையளவு கையளவாக அசைத்துக்கொண்டே எண்ணைக் கவனியுங்கள். சந்தேகப்பட்ட இடத்தில் வயரை மெல்ல இழுத்தால், செம்பு உள்ளே அறுந்த வயர் ரப்பர்போல நீளும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புது வயர் வைத்து சால்டர் செய்து உறையிட்ட பிறகு, முன்பு எந்தக் குண்டுங்குழியில் விளக்கு எரிந்ததோ அதே பாதையில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.